இரண்டு குரல்கள், மூன்று மொழிகள்: டப் இங்க் ஆல்பங்களை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையின் வேர்ப்பாணியான ரூட்ஸ் ரெகேயைப் பிரெஞ்சு மொழியில் பாடும் குழு ஒன்றையாவது முழுமையாகக் கேட்டறிய விரும்புவோருக்கு நான் தயங்காமல் பரிந்துரைக்கும் பெயர் டப் இங்க். 1990களின் பிற்பகுதியில் பிரான்ஸின் சாந்த் எத்தியென் நகரில் தோன்றிய இக்குழு, 2003இல் வெளியிட்ட முதல் முழு ஆல்பமான ‘திவெர்சித்தே’ தொடங்கி 2019இல் வந்த ‘மில்லியோன்’ வரையிலான தொகுப்புகளை வெளிவந்த வரிசையிலேயே அண்மையில் மீண்டும் கேட்டேன். எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. ஆனால் பிரெஞ்சு மொழியை ரெகே தாளத்துக்குள் எப்படி உட்காரவைப்பது என்ற பழைய சிக்கலுக்கு இவர்கள் கண்ட விடை அளவுக்கு என்னைக் கவர்ந்தது வேறொன்றில்லை.

அந்தச் சிக்கலைச் சற்று விளக்க வேண்டும். ரூட்ஸ் ரெகேயின் அடிப்படையான ‘ஒன் ட்ராப்’ தாளத்தின் நான்கு அடிகளில் முதல் அடி வெறுமையாக விடப்படுகிறது. ட்ரம்ஸின் கனத்த அடி மூன்றாவதில்தான் விழுகிறது. கிட்டார் இரண்டிலும் நான்கிலும் வெட்டி வெட்டி ஒலிக்க, எஞ்சிய இடைவெளிகளில் பேஸ் கிட்டார் நடைபோடுகிறது. ஆங்கிலச் சொற்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் அழுத்தமான அசை உண்டு என்பதால் பாடகர் அந்த அசையைத் தாளத்தின் மேல் எளிதாக இறக்கிவிடலாம். பிரெஞ்சிலோ அழுத்தம் தனிச்சொல்லில் தங்காமல் சொற்றொடரின் இறுதிக்கு நகர்ந்துவிடுகிறது. நீண்ட வரி ஒன்றைத் தாளத்தின் மேல் வைத்தால் அது பிடிப்பில்லாமல் வழுக்கிக்கொண்டே போகும். 1979இல் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகருக்கே சென்று, அந்நாட்டு ட்ரம்ஸ், பேஸ் இணையரான ஸ்லை டன்பார், ராபி ஷேக்ஸ்பியர் ஆகியோரின் வாசிப்போடு ரெகே ஆல்பம் பதிவுசெய்த பிரெஞ்சுப் பாடகர் செர்ஜ் கேன்ஸ்பூர், அதில் பெரும்பாலும் பாடுவதை விட்டுவிட்டுத் தாளத்தின் மேல் பேசியே சமாளித்தார். மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்ட்டின் ரெகே பாடகர் ஆல்ஃபா பிளாண்டி, பிரெஞ்சோடு தன் நாட்டில் வழங்கும் ஜூலா மொழியையும் ஆங்கிலத்தையும் கலந்து தனக்கென ஒரு வழி அமைத்துக்கொண்டார்.

டப் இங்க் குழுவின் விடை இரண்டு பாடகர்கள். கொம்லான், பூஷ்கூர் என்ற மேடைப்பெயர்களில் பாடும் இருவரில் கொம்லானின் குரல் நெஞ்சிலிருந்து எழுவது. சொற்களைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ராகமஃபின் என்னும், பாட்டுக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட ஜமைக்கப் பாணியில் தாளத்தோடு மோதவிடுவது. பூஷ்கூர் அதற்கு நேர் எதிர். வட ஆப்பிரிக்க இசையில் கேட்கும் நெளிவுசுளிவுகளோடு ஓர் உயிரெழுத்தை இழுத்து வளைத்து, தாளத்தைத் தொடாமல் அதன் மேலே மிதந்து செல்வார். முன்னவர் தாளத்துக்கு வேண்டிய அழுத்தத்தை வலிந்து உண்டாக்குகிறார். பின்னவர் அழுத்தமே தேவைப்படாத வழியில் போகிறார். இருவரும் ஒரே பாட்டில் மாறி மாறி வரும்போது பிரெஞ்சின் அந்த வழுக்கல் குறையாகத் தெரிவதில்லை. பூஷ்கூர் இடையிடையே அல்ஜீரியாவின் வடபகுதியில் பேசப்படும் கபைல் மொழிக்கு மாறுவதும், பல்லவிகளில் ஆங்கிலம் வருவதும் இதே உத்தியின் நீட்சிதான். பொருள் புரியாத மொழியானாலும் ஒலி மாறிய கணத்தைச் செவி உடனே உணர்ந்துகொள்கிறது.

இந்த மொழிக்கலப்பை வெறும் அலங்காரம் என்று ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம் அவர்களது ஊர். லியோனுக்குத் தென்மேற்கே இருக்கும் சாந்த் எத்தியென், நிலக்கரிச் சுரங்கங்களாலும் ஆயுத, மிதிவண்டித் தொழிற்சாலைகளாலும் வளர்ந்த தொழிலாளர் நகரம். போலந்து, இத்தாலி, அல்ஜீரியா முதலிய நாடுகளிலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் அங்கே ஒரே தெருவில் வளர்ந்தார்கள். 1973இல் கூரியோ சுரங்கம் மூடப்பட்டது. இன்று அது அருங்காட்சியகமாக இருக்கிறது. வேலை போன பின்பும் மக்கள் தங்கிவிட்ட நகரத்தில் உருவான குழு, தன் முதல் ஆல்பத்துக்குப் ‘பன்மை’ என்று பொருள்படும் பெயரை வைத்ததில் பாசாங்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

ஆல்பங்களுக்கு வருவோம். ‘திவெர்சித்தே’யில் இளமையின் அவசரம் கேட்கிறது. ஒலிப்பதிவில் மெருகு குறைவு. சில இடங்களில் கருவிகள் ஒன்றையொன்று நெருக்குகின்றன. இருந்தும் ‘ரூட் பாய்’ பாடலில் இரு குரல்களும் பந்தைக் கைமாற்றுவதுபோல் வரியை மாற்றிக்கொள்ளும் வேகம் இன்றும் குன்றவில்லை. 2005இல் வந்த ‘தான் லு தெகோர்’ அதன் தொடர்ச்சி. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2006இல் வந்த நேரடி நிகழ்ச்சிப் பதிவைத் தவறவிட வேண்டாம். ரெகே குழு ஒன்றின் உண்மையான அளவுகோல் மேடைதான். பாடல் முடிந்துவிட்டதென்று நினைக்கும் நேரத்தில் குரல் விலகி, பேஸும் ட்ரம்ஸும் மட்டும் எதிரொலிக்குள் நீளும் டப் பகுதிகளுக்கு, நிமிடக்கணக்கு பார்க்காத மேடையில்தான் போதிய இடம் கிடைக்கிறது.

என் கணிப்பில் இவர்களின் சிறந்த ஆல்பம் 2008இன் ‘அஃப்ரிக்கியா’. தாளம் எங்கும் அவசரப்படவில்லை. கீபோர்டின் குமிழியிடும் ஓசை பின்னணியில் அடங்கி நிற்கிறது. பூஷ்கூரின் குரலுக்கு வேண்டிய அகலம் முதன்முறையாக இதில்தான் கிடைத்திருக்கிறது. 2010இல் வந்த ‘ஓர் கோன்த்ரோல்’ அதைவிடக் கூர்மையானது. அரசியல் கோபமும் கூடுதல். ‘கட்டுப்பாட்டுக்கு வெளியே’ என்ற அந்தத் தலைப்பு குழுவின் நிலைக்கும் பொருந்துகிறது. பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் தங்கள் சொந்த வெளியீடாகவே ஆல்பங்களைக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். பிரான்ஸில் வானொலிகள் குறைந்தது 40 விழுக்காடு பிரெஞ்சு மொழிப் பாடல்களை ஒலிபரப்ப வேண்டும் என்ற விதி 1996 முதல் நடைமுறைக்கு வந்தபோதிலும், அதன் பயன் இவர்களைப் போன்ற குழுக்களை எட்டியதாகச் சொல்ல முடியாது. பெரிய ஊடகங்களின் துணையின்றி இவர்கள் எப்படி அரங்குகளை நிறைத்தார்கள் என்பதை 2012இல் வந்த ‘ரூட் பாய் ஸ்டோரி’ என்ற ஆவணப்படம் காட்டுகிறது. ஆல்பங்களில் ஈடுபாடு வந்தபின் அதைப் பார்ப்பது நல்லது.

அதன்பின் வந்தவற்றில்தான் எனக்கு மனக்குறை. 2013இன் ‘பாரடைஸ்’ நல்ல மெட்டுகள் கொண்டது. ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து பாடுவதற்கென்றே வார்த்ததுபோன்ற பல்லவிகள் அதில் மிகுந்துவிட்டன. 2016இன் ‘சோ வாட்’ ஆல்பத்தில் மின்னணு ஒலிகள் கூடி, பேஸ் கிட்டாருக்கென்று காலங்காலமாக ஒதுக்கிவைத்திருந்த இடைவெளிகளையும் நிரப்பிவிட்டன. வெறுமையை நிரப்பிய ரெகே எனக்கு ரெகேயாகவே ஒலிப்பதில்லை. இதைப் பழமைவாதம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டேன். பாடல்வரிகளிலும் ஒரு தளர்ச்சி உண்டு. இனவெறி, எல்லைகள், புலம்பெயர்ந்தோர், பணத்தின் ஆட்சி ஆகிய பொருள்களை முதல் ஆல்பங்களில் தெருவிலிருந்து பேசியவர்கள், பிற்காலத்தில் சில பாடல்களில் முழக்கங்களாகச் சுருக்கிவிட்டார்கள். ‘மில்லியோன்’ ஓரளவு மீட்சி. இரு குரல்களையும் மீண்டும் முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆயினும் ‘அஃப்ரிக்கியா’வின் நிதானம் அதில் திரும்பவில்லை.

புதிதாகக் கேட்பவர்கள் ‘அஃப்ரிக்கியா’வில் தொடங்கி, அடுத்து 2006இன் நேரடிப் பதிவுக்கும், அதன்பின் ‘ஓர் கோன்த்ரோல்’ ஆல்பத்துக்கும் செல்லலாம். இம்மூன்றும் பிடித்துப்போனவர்கள் மட்டும் ‘திவெர்சித்தே’யின் கரடுமுரடைத் தேடிப் போனால் போதும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இவற்றைக் கேட்காதீர்கள். அதில் பேஸ் கிட்டார் அறவே காணாமற்போய்விடும். மிஞ்சுவது இரண்டு பேர் விடாமல் எதையோ வாதாடுவதுபோன்ற ஓசை மட்டுமே.