ஜன்னல் வெளிச்சமா, ஃபிளாஷா? வீட்டில் குடும்பப் படம் எடுப்பவர்களுக்கு

வீட்டு ஆட்களைப் படம் எடுக்கத் தொடங்குபவர்கள் முதலில் விசாரிப்பது லென்ஸைத்தான். ஆனால் படம் தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்வது வெளிச்சம். அதை முதலில் பார்த்துவிடலாம்.

ஒருவரை, மிஞ்சினால் இருவரை எடுக்க ஜன்னலுக்கு ஈடே கிடையாது. ஊரில் ஆச்சியைப் படமெடுக்க உட்காரவைத்ததும் டியூப் லைட்டை அணைத்தேன். "ஏல, லைட்டப் போடு, இருட்டால்லா கெடக்கு" என்றாள். டியூப் லைட்டும் எரிந்தால் ஒரு கன்னத்தில் ஒரு நிறம், மறு கன்னத்தில் வேறு நிறம் விழும். ஒயிட் பேலன்ஸை, அதாவது கேமராவின் நிறச் சரிக்கட்டலை, எப்படித் திருப்பினாலும் இரண்டும் சேர்ந்து சரியாகாது. வெயில் நேராக விழாத ஜன்னல். அதிலிருந்து மூன்றடி தள்ளி ஸ்டூல், முகம் வெளிச்சத்தின் பக்கம் பாதி திரும்பியபடி. மறுபக்கக் கன்னம் கறுத்துத் தெரிந்தது. துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றை நாற்காலியின் முதுகில் விரித்து அந்தப் பக்கம் நகர்த்தினேன், நிழல் இளகிவிட்டது. பாம்படம் போட்டுத் தொங்கிய காது மடலின் மடிப்பு, நெற்றித் திருநீறு, கருவிழிக்குள் கம்பியோடு சின்னதாய் அந்த ஜன்னல், எல்லாம் படத்தில் இருக்கின்றன. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) 400, எஃப் (லென்ஸின் திறப்பு, எண் சிறிதானால் திறப்பு பெரிது) 2.8, 1/125 நொடி, அவ்வளவுதான்.

அதே ஜன்னலோரம் ஆறு பேரை வரிசையாக உட்காரவைத்தால் கதை மாறும். முதல் ஆள் வெளுத்துப்போவார், கடைசி ஆள் இருட்டில் இருப்பார். இங்கே கேமராவின் மேல் மாட்டும் ஸ்பீட்லைட் ஃபிளாஷ்தான் ஜெயிக்கும். ஆனால் அதை நேராக முகத்தில் அடிக்கவே கூடாது. நெற்றி எண்ணெயாய் மின்னும், பட்டுப்புடவையின் ஜரிகை வெள்ளைக் கோடாகிவிடும், பின்சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்ளும். ஃபிளாஷின் தலையை மேலே திருப்பிக் கூரையில் அடியுங்கள். கூரை முழுவதும் ஒரு பெரிய விளக்காகிவிடும். ஐஎஸ்ஓ 800, எஃப் 5.6, 1/125 வைத்துத் தொடங்கலாம். ஒரே நிபந்தனை, கூரை வெள்ளையாக இருக்க வேண்டும். ஓட்டு வீட்டிலும் மர மச்சுக்குக் கீழும் இந்த வித்தை பலிக்காது. பச்சை பெயின்ட் அடித்த சுவரில் பட்டுத் திரும்பினால் முகமும் பச்சை தட்டும். அப்படிப்பட்ட வீட்டில் எல்லோரையும் வாசல் திண்ணைக்கு, நிழலுக்குக் கூட்டி வருவதே மேல்.

இனி லென்ஸ். ஏபிஎஸ்-சி (சற்றே சின்ன சென்சார்) கேமராவில் 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸைப் புகழாதவர் இல்லை. தனி முகத்துக்கு அது அருமைதான். ஆனால் பத்தடி தூரத்தில் நின்றால் அதற்குள் அடங்குவது நாலரை அடி அகலம் மட்டுமே. எட்டடிக்கு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தை அடக்கப் பதினெட்டு அடி பின்னால் போக வேண்டும். நம் ஹாலில் அதற்கு இடம் ஏது? கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை 35 எம்எம்மில் வைத்தால் பதின்மூன்று அடி போதும். 18-க்குப் போனால் ஓரத்தில் இருப்பவர்களின் முகம் இழுபடும். இன்னொன்று, அந்த 50 எம்எம்மில் ஆறரை அடி தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 11 சென்டிமீட்டர்தான். மடியில் இருக்கும் பிள்ளை தெளிவாக இருக்கும், அம்மா முகம் கலங்கிவிடும். இரண்டு பேர் என்றாலே எஃப் 4-க்கு வந்துவிடுங்கள்.

போன் மட்டும் இருந்தால், பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். மல்லிகைச் சரத்தின் ஓரத்தையும் கண்ணாடிக் காம்பையும் அது தின்றுவிடுகிறது. 2எக்ஸ் வைத்து இரண்டடி பின்னால் தள்ளி நின்றால் மூக்கு பெரிதாகத் தெரியாது.

கிட் லென்ஸ் வைத்திருப்பவர் அடுத்து எதை வாங்கலாம்? 50 எம்எம் அல்ல, தலை திரும்பும் ஃபிளாஷ். ஜன்னலோரம் 55 எம்எம், எஃப் 5.6, ஐஎஸ்ஓ 1600 வைத்தாலே தனி முகம் நன்றாக வந்துவிடுகிறது. பொங்கலன்று மொத்தக் குடும்பமும் கூடி உட்கார்கிறபோதுதான் கிட் லென்ஸுக்கு வெளிச்சம் போதாது.