வெளிச்சம் கசியும் வெள்ளிப்பை: கறித்தூள் பொதியிடலில் எட்டு ஆண்டுகள்

சுன்னாகத்தில் எங்கள் வீட்டுக் குசினியில் கறித்தூள் வறுத்து, மில்லில் திரித்து, பொதி செய்து விற்கத் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. தூளில் என்னென்ன போடுகிறீர்கள் என்று கேட்காதவர்கள் இல்லை. பையைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் எனக்கு வந்த நட்டமெல்லாம் பையால் வந்தது. மோர்மிளகாய், ஒடியல் மா, ஊறுகாய் என்று வீட்டிலிருந்து ஏதாவது செய்து விற்க எண்ணுகிறவர்கள் நான் பட்டதைப் படாமல் இருக்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் ஆண்டு மெழுகுதிரியும் இரும்பு அறுக்கும் வாளின் அலகும்தான் என் இயந்திரம். பொலித்தீன் பையின் வாயை அலகின் மேல் மடித்து, வெளியே தெரியும் விளிம்பைச் சுடரின் ஓரமாக இழுத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். மாமி ஒரு காலத்தில் வறுத்த கச்சான் கட்டி விற்றவர். அவர் கற்றுத் தந்த வேலை. கச்சான் இரண்டு நாளில் விற்றுப் போகும், அதற்கு அது போதும். கறித்தூளுக்குப் போதாது என்பது மூன்றாம் மாதம் தெரிந்தது. அலுமாரிக் கதவைத் திறந்ததும் வறுத்த மல்லியும் பெருஞ்சீரகமும் அப்படி மணந்தன. எனக்கு ஒரே பெருமை. மாமிதான், "பிள்ளை, அலுமாரிக்குள் வந்துவிட்ட மணம் இனிப் பைக்குள் திரும்பிப் போகுமா?" என்று கேட்டார். அன்றைக்கே ஒரு பையைப் பிரித்துக் குழம்பு வைத்தேன். உறைப்பு இருந்தது. மணம் போய்விட்டிருந்தது.

பொலித்தீன் 1933 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில், வேறொன்றைத் தேடிப் போன எரிக் ஃபோசெட், ரெஜினோல்ட் கிப்சன் என்ற இருவரின் கையில் தற்செயலாகக் கிடைத்த வெள்ளை மெழுகு போன்ற பொருள். நீராவியை நன்றாக மறிக்கும். எனவே தூள் கட்டிபடவில்லை, நானும் பை நல்லது என்று நம்பியிருந்தேன். ஒட்சிசனுக்கும் வாசனை எண்ணெய்களுக்கும் அது திறந்த படலை. காற்று உள்ளே வந்து மிளகாயின் சிவப்பை மங்கவைக்கிறது, மணம் வெளியே போகிறது. கண்ணுக்கு ஓட்டை எதுவும் தெரிவதில்லை.

அடுத்து வாங்கியது, அடி விரிந்து தானாக நிற்கும் பை. 1960களில் பிரான்சில் லூயி டொயன் என்பவர் கண்டுபிடித்தது; அவர் பெயரை வைத்தே இன்றும் டொய்பக் என்கிறார்கள். பையின் அடியில் ஒரு மடிப்பு, தூளைக் கொட்டியதும் அது விரிந்து பாதமாகிவிடும். கடைத் தட்டில் நிமிர்ந்து நிற்கும், லேபிள் முன்னால் தெரியும். போத்தலோடு ஒப்பிட்டால் பாரமே இல்லை. வாயில் உள்ள சிப் பூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டில் திறந்து மூட வசதி, அவ்வளவுதான். தூள் பல்லுக்குள் ஏறியதும் அதுவும் இறுக மூடாது. பையைக் காப்பது அதற்கு மேலே சூடு வைத்து ஒட்டும் கோடு.

இந்தப் பைகள் ஒரே தாள் அல்ல, பல படைகளை ஒட்டிச் செய்தவை. வெளியே பொலியெஸ்டர்: அச்சைத் தாங்கும், ஒட்டும் சூட்டில் உருகாது. உள்ளே பொலித்தீன்: உருகி ஒட்டுவதற்கு. நடுவே அலுமினியத் தகடு, ஏழு முதல் ஒன்பது மைக்ரோன் வரையான தடிப்பில். மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒட்சிசன், ஈரம், வெளிச்சம், மணம் நான்கையும் மறிப்பது அந்த நடுப்படைதான்.

நான் ஏமாந்தது அந்த நடுப்படையில். கொழும்பில் ஒரு வியாபாரியிடம் அலுமினியப்பை என்று கேட்டு ஆயிரம் பைகள் எடுத்தேன். வெள்ளி போலப் பளபளத்தன, விலையும் குறைவு. ஆறு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளர் தூள் காவி நிறமாகிவிட்டது என்று படம் எடுத்து அனுப்பினார். என் மில்லையும் மிளகாயையும்தான் சந்தேகித்தேன். வறுப்பைக் குறைத்தேன், கூட்டினேன், செத்தல் வாங்கும் கடையை மாற்றினேன். ஒரு நாள் இரவு மின்சாரம் தடைப்பட்டபோது கைபேசியின் வெளிச்சத்தில் பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கைபேசியை வெறும் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தால் பை முழுவதும் மெல்லிய நீல ஒளியில் தெரிகிறது. அப்போதுதான் விளங்கியது. அது தகடு வைத்த பை அல்ல. பிளாஸ்டிக் படலத்தின் மேல் அலுமினிய ஆவியைப் படியவிட்டுச் செய்வது. அந்தப் படிவின் தடிப்பு ஒரு மைக்ரோனில் நூற்றில் சில பங்குதான். முறுக்குக்கும் மிக்சருக்கும் அது நல்ல பைதான், வேகமாக விற்றுப் போகும் பொருளுக்கு அதுவே போதும். ஓராண்டு வைத்திருக்க வேண்டிய கறித்தூளுக்கு அது ஆகாது.

அன்றிலிருந்து எந்தப் பை வந்தாலும் இரண்டு சோதனை செய்கிறேன். உள்ளே விளக்கை வைத்துப் பார்ப்பது ஒன்று. தகடு என்றால் இருட்டு, மிஞ்சினால் ஊசிமுனை அளவில் ஓரிரு புள்ளி தெரியும். மற்றது, மூலையை மடித்து நகத்தால் அழுத்திவிட்டுக் கையை எடுப்பது. தகடு மடித்தபடி கிடக்கும். ஆவிப்படலம் மெல்ல எழுந்து நிமிர்ந்துவிடும். வாங்கும் முன் மாதிரிப் பை ஒன்று கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள்.

சரியான பை வந்த பிறகும் பிழை தீரவில்லை, பையின் வாய் மிஞ்சியிருந்தது. மெழுகுதிரியை விட்டு, கையால் அழுத்தும் ஒட்டும் இயந்திரம் வாங்கினேன். நிக்ரோம் என்ற உலோகக் கலவைப் பட்டி ஒன்று சில விநாடி சூடாகும், அதன் மேல் வெப்பம் தாங்கும் துணி. இயந்திரத்தில் உள்ள விளக்கு அணைந்ததும் கையை எடுக்காமல் மூன்று எண்ணும்வரை அழுத்தியபடி இருக்க வேண்டும். உருகிய படை ஆறும் முன் விட்டால் ஒட்டு இழுபட்டுப் போகும். எங்கள் பகுதியில் மாலை வேளையில் மின்னழுத்தம் விழும். காலையில் சரியாக ஒட்டிய அதே அளவில் இரவு ஒட்டினால் கோடு மேலுக்குப் பிடித்திருக்கும், இழுத்தால் வந்துவிடும். இப்போது ஒட்டும் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுகிறேன். 2022 ஆம் ஆண்டில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்சாரம் நின்ற நாட்களில் வறுத்த தூளைப் பெரிய எவர்சில்வர் வாளிகளில் இறுக மூடி வைத்து, மின்சாரம் வந்த நேரத்துக்கு எழும்பி ஒட்டினேன்.

எல்லாவற்றிலும் பெரிய பகை, வாயில் ஒட்டிக்கொள்ளும் தூள். கரண்டியால் அள்ளிப் போடும்போது உள்விளிம்பில் மெல்லிய பூச்சு ஒன்று படியும், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் சூடு வைத்தால் பொலித்தீனும் பொலித்தீனும் சேர்வதற்குப் பதிலாக நடுவே தூள் மாட்டிக்கொண்டு மயிரிழை போன்ற வாய்க்கால் ஆகிவிடும். அதைத் தடுக்க நான் செய்வது எளிய வேலை. தடித்த கடதாசியை உருளையாகச் சுருட்டிப் பையின் அடிவரை இறக்கி, அதற்குள்ளால் தூளைக் கொட்டி, பிறகு மெல்ல உருவி எடுக்கிறேன். வாயில் தூள் படுவதில்லை. ஆனாலும் உலர்ந்த துணியால் ஒரு தரம் துடைக்கிறேன். ஐம்பது பைக்கு ஒன்றை எடுத்து வாளித் தண்ணீருக்குள் அமிழ்த்தி அழுத்திப் பார்க்கிறேன். குமிழி வரிசையாக எழுந்தால் அந்த ஐம்பதையும் வெட்டித் திரும்ப ஒட்ட வேண்டும். முதல் முறை அழுகை வந்தது. இப்போது ஆண்டுக்கு ஓரிரு முறைதான் அப்படி நேர்கிறது.

மில்லிலிருந்து வந்த தூளைச் சூட்டோடு பையில் போடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளைக் கடதாசியில் பரப்பி முழுவதும் ஆறவிட வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, மேற்பக்கத்தில் கட்டி விழும்.

யாழ்ப்பாணத்தில் கறித்தூள் வாங்குபவர்களில் பலர் அதை ரொறன்ரோவுக்கோ இலண்டனுக்கோ பாரிசுக்கோ அனுப்பத்தான் வாங்குகிறார்கள். அப்படிப் போன ஒரு பொதி வானத்தில் வெடித்தது. பெட்டிக்குள் மகனுக்கு வாங்கிய புதுச் சட்டைகள் இருந்தனவாம், எல்லாம் சிவப்பு. அந்தத் தாயிடம் நான் பட்ட வெட்கத்தை மறக்கவே முடியாது. பிழை முழுவதும் என்னுடையது: பை பருமனாகத் தெரியட்டும் என்று காற்றோடு ஒட்டியிருந்தேன். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையில் உள்ளதில் முக்கால் பங்களவுக்குக் குறைகிறது. அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். பை ஊதிப் பலவீனமான ஒட்டைப் பிரித்துவிடும். இப்போது வெளிநாட்டுப் பையைத் தட்டையாக அழுத்திக் காற்றை வெளியேற்றி, இரண்டு கோடாக ஒட்டுகிறேன்.

அதற்குள் ஒட்சிசன் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றும் போடுகிறேன். 1977 ஆம் ஆண்டில் ஜப்பானின் மிட்சுபிஷி காஸ் கெமிக்கல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்த உத்தி இது. உள்ளே இருப்பது இரும்புத் தூள். அது துருப்பிடிக்கும்போது பைக்குள் இருக்கும் ஒட்சிசனை எடுத்துக்கொள்கிறது. கதவு நிலையிலும் சைக்கிளிலும் நாங்கள் வெறுக்கும் துரு இங்கே காவல் செய்கிறது. போட்டு ஒட்டி மறுநாள் காலை பார்த்தால் பை உள்வாங்கிக் கல் போல இறுகியிருக்கும். இறுகாத பையில் கசிவு இருக்கிறது என்று பொருள், தண்ணீர்ச் சோதனைகூட வேண்டாம். பொட்டலங்கள் வரும் கட்டைப் பிரித்ததும் வேகமாகப் போட்டு முடிக்க வேண்டும். மிச்சத்தை உடனே இறுக மூடி வைக்காவிட்டால் வெளிக்காற்றைக் குடித்தே தீர்ந்துவிடும். சாதாரணப் பொலித்தீன் பைக்குள் போடுவது வீண், உறிஞ்ச உறிஞ்ச வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும். லேபிளில் "உண்ணக் கூடாது" என்று தமிழில் பெரிதாக அச்சடித்திருக்கிறேன். ஒரு வயதான அம்மா, இது என்ன மருந்தா என்று தொலைபேசியில் கேட்ட பிறகு செய்த மாற்றம்.

ஊறுகாய்க்குக் கண்ணாடிப் போத்தல்தான். கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை, குறையெல்லாம் தகர மூடியில். எலுமிச்சையின் புளிப்பும் உப்பும் மூடியின் உட்பூச்சில் சிறு கீறல் கிடைத்தால் போதும், நான்கு மாதத்தில் துரு வளையம் வந்துவிடும். இது பழைய சிக்கல். 1858 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஜோன் மேசன் திருகு மூடிப் போத்தலுக்குக் காப்புரிமை பெற்றபோது மூடி துத்தநாகத்தில் இருந்தது. உணவு அதில் படக் கூடாது என்று 1869 ஆம் ஆண்டில் லூயிஸ் பொய்ட் மூடிக்குள் வெள்ளைக் கண்ணாடித் தட்டு ஒன்றை வைத்தார். நான் பிளாஸ்டிக் மூடிக்கு மாறினேன், துரு நின்றது.

பனங்கட்டியில் மட்டும் புதுப் பொருள் எதுவும் எனக்குக் கைகொடுக்கவில்லை. பொலித்தீனில் கட்டினால் மாரியில் வியர்த்து அடியில் பாகு தேங்கும். குட்டான் என்ற சிறு பனையோலைப் பெட்டியில் உள்ளது காற்றோட்டத்தில் ஈரம் வாங்கினாலும், வெயில் வந்ததும் விட்டுவிடுகிறது. நீண்ட நாள் வைக்க வேண்டுமானால் குட்டானோடு சேர்த்துத் தகட்டுப் பையில் போடுகிறேன். உள்ளூரில் விற்க வெறும் குட்டானே நல்லது. தின்று முடித்ததும் ஓலை மண்ணோடு மண்ணாகிவிடும்.

தகட்டுப் பை அப்படி ஆகாது. நான் விற்கும் பொருளில் எனக்கு உறுத்துவது இது ஒன்றுதான். பொலியெஸ்டர், அலுமினியம், பொலித்தீன் மூன்றையும் பிரித்தெடுக்க எங்கள் ஊரில் வழி இல்லை. பழைய போத்தல் எடுப்பவரும் இதை எடுக்க மாட்டார். வளவுக்குள் எரிப்பார்கள், பொலித்தீன் புகையும், தகடு சாம்பலுக்குள் மினுங்கிக்கொண்டு கிடக்கும். இலங்கையில் 2017 செப்டெம்பரில் 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீனையும் லஞ்ச் ஷீட்டையும் தடை செய்தார்கள். 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழல், கரண்டி, இடியப்பத் தட்டு முதலியவை தடையாகின. என் பை எந்தத் தடையிலும் வரவில்லை. வராவிட்டாலும் என் கணக்கில் அது வருகிறது.

தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் விட்டு, கம்பியில் கோத்த திரியைத் தொங்கவிட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தவள் நான். காற்றடித்தாலும் போத்தலின் சுவர் சுடரைக் காத்தது. அப்போது வீட்டில் வெறும் போத்தலுக்கு இருந்த மதிப்பை எண்ணியே இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாற்றம் செய்தேன். அயலில் உள்ளவர்களுக்குத் தகட்டுப் பையில் விற்பதில்லை. மூடியுள்ள போத்தலைக் கழுவி, வெயிலில் காயவைத்துக் கொண்டு வந்தால் நிறுத்துப் போட்டு, பையின் விலையைக் கழித்துக்கொள்கிறேன். ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும் தூளுக்கு அதற்கு மேல் காவல் வேண்டாம். இன்று உள்ளூர் விற்பனையில் பெரும்பகுதி அப்படித்தான் போகிறது. தகட்டுப் பை கடல் கடக்கும் தூளுக்கு மட்டும்.

ஒவ்வொரு தடவை பொதி செய்யும்போதும் ஒரு பையை விற்காமல், திகதி எழுதி, அலுமாரியின் மேல்தட்டில் வைக்கிறேன். போன கிழமை பதினான்கு மாதம் ஆன ஒன்றை வெட்டினேன். பை இறுகித்தான் இருந்தது. சிவப்பில் ஒரு சாயல் குறைவு, அதுவும் புதுத் தூளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததால் தெரிந்தது. மாமி கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் மணந்து பார்த்துப் பழையதைக் காட்டி, இதுதான் புதிது என்றார். அடுத்ததைத் தை மாதத்தில் வெட்ட வேண்டும், அதற்குப் பதினெட்டு மாதம் ஆகியிருக்கும்.