கடல்நாய்க் கண்காட்சி: கட்டணத்துக்குத் தகும், ஒரு பலகையைத் தவிர

கோவையில் ஒரு தனியார் அறிவியல் கூடம் நடத்தும் கடல்நாய்க் கண்காட்சிக்குச் சென்ற ஞாயிறன்று குடும்பத்துடன் போயிருந்தேன். கடலே இல்லாத ஊரில் கடல்நாயா என்று என் மாமனார் கேட்டது நியாயமான கேள்விதான்.

முதல் மேசையிலேயே அதற்கு விடை இருந்தது: மாசு உயிர்களின் உடலில் எப்படிச் சேர்கிறது என்பதைக் கடல்நாயை வைத்து விளக்குவதுதான் இந்தக் கண்காட்சி. தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் உள்ள குடுவையில் எண்ணெயில் கரையும் சிவப்புச் சாயத்தைப் போட்டுக் குலுக்கி வைத்தால், சற்று நேரத்தில் சாயம் முழுவதும் மேலே நிற்கும் எண்ணெயில் ஏறிவிடுகிறது. பி.சி.பி. (தொழிற்சாலைகளில் பயன்பட்ட, எளிதில் சிதையாத நச்சுப்பொருள்) போன்ற வேதிப்பொருள்களும் இவ்வாறே கடல்நாயின் தோலடிக் கொழுப்பில் தங்கி, தாய்ப்பாலின் வழியே குட்டிக்கும் இறங்குகின்றன.

1990களில் நெதர்லாந்தில் நடந்த சோதனையை விளக்கிய பகுதி மிகச் சிறப்பு. மாசு மிகுந்த பால்டிக் கடல் ஹெர்ரிங் மீனை ஒரு குழுவுக்கும், மாசு குறைந்த அட்லாண்டிக் மீனை இன்னொரு குழுவுக்கும் எனக் கடல்நாய்களுக்கு இரண்டரை ஆண்டுகள் கொடுத்ததில், முதல் குழுவில் நோயை எதிர்க்கும் இயற்கைக் கொல்லி அணுக்களும் டி அணுக்களும் செயல் குன்றின. 1988இல் வட ஐரோப்பாவில் சுமார் 18,000 கடல்நாய்களைக் கொன்றது நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் நோயின் வகையைச் சேர்ந்த வைரஸ்தான் என்பதையும், அதில் மாசுக்கும் பங்கிருக்கலாம் என்பது உறுதியாகாத ஊகமே என்பதையும் நேர்மையாகப் பிரித்து எழுதியிருந்தார்கள்.

குறை, நொய்யல் ஆற்றைப் பற்றிய பலகையில். அந்த ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய திருப்பூர்ச் சாயக்கழிவின் உப்பையும் பி.சி.பி.யையும் ஒரே வகையாகக் காட்டியிருக்கிறார்கள். உப்பு நிலத்தையும் கிணற்றையும் கெடுக்குமே தவிர, கொழுப்பில் சேர்வதில்லை. விளக்குநரிடம் சொன்னபோது குறித்துக்கொண்டார். மின்விசிறி ஒன்றே ஒன்றுதான். காலையிலேயே போய்விடுவது நல்லது.