குதிரைச் சவாரிக்கு முன்பணம் கட்டும் முன்: அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்கு நடந்தது

போன மே மாதம் 9,000 ரூபாயை இழந்தேன். பணம் போனால் போகட்டும் என்று சொல்ல மாட்டேன், அது மாதம் முழுக்க வேலை பார்த்து வாங்கிய சம்பளம். ஆனால் ராத்திரி கண்ணை மூடினால் அந்தக் குதிரையின் முதுகுதான் முன்னால் வந்து நிற்கிறது. அடுத்த லீவுக்குள் நாலு பேருக்காவது தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டை. மகள் ஆறாம் வகுப்பு. எங்கள் சாஸ்தா கோவிலில் நிற்கும் மண்குதிரையைக் கட்டிப்பிடித்தே வளர்ந்தவள், ஒருநாளாவது உயிருள்ள குதிரையில் ஏற வேண்டும் என்பது அவளுக்கு ரொம்ப நாள் ஆசை. அப்போதுதான் வாட்ஸாப்பில் அந்த விளம்பரம் வந்தது. மலையும் அணையுமாக இரண்டு நாள் குதிரைப் பயணம். காரையாறு அணைக் கரை, சேர்வலாறு, இரவு காட்டுக்குள் கூடாரம். நாலு பேருக்கு 18,000 ரூபாய், பாதி முன்பணம். பேசியவர் வார்த்தைக்கு வார்த்தை "அக்கா, அக்கா" என்றார். ஜிபேயில் அனுப்பினேன். பணம் ஒரு தனி ஆளின் பெயரில் போனது. பில் கேட்டதற்கு, "நேர்ல தாரேன்க்கா" என்றார்.

விளம்பரப் படத்தில் ஏரிக்கரையோரம் குதிரைகள், பின்னால் வரிசையாகப் பைன் மரங்கள். அந்த அணைகள் இருக்கும் பாபநாசம் மலையில் பைன் மரம் ஏது? சின்ன வயசிலிருந்து பார்த்த மலை, எனக்கே அது உறைக்கவில்லை.

இன்னொன்றும் உறைத்திருக்க வேண்டும். காரையாறும் சேர்வலாறும் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. 1988இல் வந்த, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. அந்தக் காட்டுக்குள் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போனாலே பாபநாசம் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திப் பார்த்துத்தான் விடுகிறார்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் குதிரையோடு போய் அங்கே கூடாரம் போட யாராலும் முடியாது. அனுமதி இருக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். எங்களிடம், பயணம் கிளம்ப வேண்டிய நாள் காலையில், "பெர்மிட் இன்னும் கைக்கு வரல அக்கா, இன்னைக்கு இங்கனயே ஓட்டுங்க, நாளைக்கு மேல போயிரலாம்" என்றார்கள். இங்கன என்றால் அம்பாசமுத்திரம் தாண்டி ஒரு தென்னந்தோப்பு, அதை ஒட்டி வற்றிக் கிடந்த ஒரு குளம். மலை தூரத்தில் நீலமாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

நாலு பேருக்கு இரண்டு குதிரை. இரண்டும் மட்டக்குதிரை. தலைக்கவசம் கிடையாது. பகல் பன்னிரண்டரை மணி, வெயில் மண்டையைப் பிளந்தது. என் கணவர் 82 கிலோ. சுமை தூக்கும் மட்டக்குதிரையின் மேல் 70 கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்று மத்திய அரசின் 1965ஆம் ஆண்டு விதி ஒன்று இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் தோப்பு வாசலிலேயே திரும்பியிருப்பேன்.

மகளைத்தான் முதலில் ஏற்றினார்கள். பத்தடி போயிருக்காது, சேணம் அப்படியே பக்கவாட்டில் சரிந்தது. நான் ஓடிப்போய் அவளைத் தாங்கிவிட்டேன். வயிற்றைச் சுற்றிக் கட்டும் வார் பாதி நைந்து, மீதிக்கு நைலான் கயிறு முடிச்சுப் போட்டிருந்தது. சேணத்தை எடுக்கச் சொன்னேன். குதிரையைப் பிடித்திருந்த பையன் தயங்கினான். பதினைந்து, பதினாறு வயது இருக்கும், காலில் செருப்பு இல்லை. எடுத்தான். கீழே மடித்துப் போட்டிருந்த சாக்கு முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெதுவாக உரித்தபோது குதிரையின் தோல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. பிடரி முடியும் இடத்தில் உள்ளங்கை அகலப் புண். மேலே மஞ்சளை அப்பியிருந்தார்கள், அந்த மஞ்சளுக்கு நடுவே சிவப்பாகச் சதை தெரிந்தது. ஈ வந்து உட்கார்ந்தது.

"நேத்து ரெண்டு ட்ரிப் போச்சுக்கா" என்றான் பையன், தலையைத் தூக்காமல். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. மகள் அழுதுவிட்டாள். விழப்போனதற்காக அழவில்லை, அந்தப் புண்ணின் மேல் தான் உட்கார்ந்தோமே என்று அழுதாள்.

ஆகவே, முழுப் பணமும் கட்டுவதற்கு முன் சேணத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. முதுகிலும் வார் படும் இடத்திலும் கையை வைத்துத் தடவுங்கள். வலி இருந்தால் குதிரை காதைப் பின்னால் மடக்கும், உடம்பை ஒதுக்கும். குளம்பைத் தூக்கி லாடம் ஆடுகிறதா என்று பாருங்கள். ஒழுங்காக வளர்ப்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார், அவரே முன்வந்து காட்டுவார்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "செவ்வாய்க்கிழமை போட்டுவிடுதேன்க்கா." மூன்று செவ்வாய் போனது. அப்புறம் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். விளம்பரப் படம், பணம் போன ரசீது, அவர் பேசிய வாய்ஸ் மெசேஜ் எதையும் நான் அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அதிலும் தீராவிட்டால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நாம் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை.

கால்நடைத் துறைக்கும் எழுதினேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்களே போய்ப் பார்த்தோம். தோப்பில் குதிரைகள் இல்லை, அந்தப் பையனும் இல்லை. பெண்குதிரை, செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைச் சுட்டி, இடது காதின் நுனி கிழிந்திருக்கும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, குற்றாலம் பக்கம் யாராவது அதைப் பார்த்தால் தயவுசெய்து ஏறாதீர்கள். சாக்கைத் தூக்கி முதுகைப் பாருங்கள், எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.