இறக்கத்துக்கு வாங்குங்கள்: மலையகத்தில் ஓட்டச் சப்பாத்துகளின் நீண்டகாலப் பாவனை

ஓட்டச் சப்பாத்துகளைப் பற்றிச் சொல்லப்படுபவை பெரும்பாலும் சமதரையில் ஓடுகிறவர்களுக்கானவை. இங்கே நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது, பதுளை ஏறக்குறைய 680 மீற்றரில். ஒரே காலை ஓட்டத்தில் தார், கொங்கிறீட், சல்லி, பாசி பிடித்த கற்படி, தேயிலை மலைக்குள் சேறு எல்லாம் வந்துவிடும். கிரகரி வாவியைச் சுற்றி மட்டும் ஓடுபவருக்கு நல்ல ரோட்டுச் சப்பாத்து எதுவும் போதும். தம்பேத்தன்ன தேயிலை ஸ்டோரிலிருந்து லிப்டன் சீட் உச்சி வரையான 7 கிலோமீற்றரும் ஏறி, அதே வழியில் ஓடி இறங்குபவருக்குத்தான் தெரிவு சிக்கலாகிறது.

ஏற்றத்தில் சப்பாத்து பெரிதாகக் குறை காட்டாது. வேகம் குறைவு, முன்பாதம் மட்டுமே தரையில் அழுந்தும். இறக்கத்தில் எல்லாம் மாறும். 9 பாகைச் சரிவில் இறங்கி ஓடும்போது பாதம் தரையில் மோதும் விசை, சமதரையில் மோதுவதைவிடப் பாதிக்கும் மேல் கூடுகிறது. அத்தோடு ஒவ்வோர் அடியிலும் உடலைப் பிடித்து நிறுத்த வேண்டியிருப்பதால் பாதம் சப்பாத்துக்குள் முன்னே சறுக்குகிறது. பெருவிரல் நகம் கறுத்துக் கழல்வது இதனால்தான். பலர் சப்பாத்து சின்னது என்று நினைத்து அடுத்த முறை ஒரு அளவு பெரிதாக வாங்குகிறார்கள். அப்போது பாதம் இன்னும் அதிக தூரம் சறுக்கி, இன்னும் பலமாக இடிக்கிறது. நீளத்தைப் போலவே குதியும் பாதத்தின் மேற்புறமும் அசையாமல் பிடிபட வேண்டும்.

அளவைப் பின்னேரத்தில் எடுங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். சுவரோரம் ஒரு தாளை விரித்து, குதி சுவரில் பட, முழு எடையையும் அந்தக் காலில் வைத்து நின்று, மிக நீண்ட விரலின் நுனியில் கோடு போட வேண்டும். இரு பாதமும் ஒரே நீளமாக இருப்பது அரிது, பெரிய காலே கணக்கு. யூகே, யூஎஸ் இலக்கங்களை நம்பி வாங்கக்கூடாது. நைக்கியில் யூகே 8 என்பது 27 சென்ரிமீற்றர், அடிடாஸில் அதே யூகே 8 என்பது 26.5. நாக்கின் உட்புற லேபிளில் உள்ள சென்ரிமீற்றர் எண்ணைப் பாருங்கள். பாதம் 26 என்றால் 27 இலிருந்து போட்டுப் பார்க்கத் தொடங்கலாம். போட்டபின் விரல் நுனிக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும்.

அகலத்தை இங்கே யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்க வேண்டும். சிறுவயதிலிருந்து வெறுங்காலிலும் செருப்பிலும் நடந்தவர்களின் முன்பாதம் விரிந்திருக்கும். உள்ளே பாதத்துக்குக் கீழே இருக்கும் மெத்தையைக் கழற்றி நிலத்தில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். சின்னவிரல் ஓரத்துக்கு வெளியே விழுந்தால், எவ்வளவு அழகான சப்பாத்தாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஓடி ஓடி அது இளகும் என்பது வீண் நம்பிக்கை. சின்னவிரல் பக்கத்து வலைத்துணி கிழிவதுதான் நடக்கும். பெட்டியில் ஆண்களுக்கு டீ, பெண்களுக்கு பி என்றிருந்தால் சாதாரண அகலம். ஆண்களுக்கு 2ஈ அகலமானது.

கடைக்குள் நாலடி நடந்து பார்த்து ஒன்றும் தெரியாது. ஓடும்போது போடும் அதே காலுறையோடு, லேஸை இறுக்கிக் கட்டி, படிக்கட்டிலோ வாசல் சரிவிலோ வேகமாக இறங்கிப் பாருங்கள். ஹட்டனிலும் பண்டாரவளையிலும் சரிவுக்குப் பஞ்சமில்லை. விரல் முன்னால் தொட்டால் முதலில் லேஸ் கட்டும் முறையை மாற்ற வேண்டும். கடைசிக்கு முந்திய துளையிலிருந்து வரும் லேஸை அதே பக்கத்துக் கடைசித் துளைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் வையுங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு ஒவ்வொரு நுனியையும் எதிர்ப்பக்க வளையத்துக்குள் கோத்து, முதலில் கீழ்நோக்கி இழுத்து இறுக்கி, அதன்பின் முடிச்சுப் போடுங்கள். குதி பின்னால் பூட்டுப்படும். இதற்குப் பிறகும் விரல் இடித்தால் அந்தச் சப்பாத்து உங்கள் காலுக்கானது அல்ல.

அடிப்பாகத்தில் பலரும் துருத்தி நிற்கும் இறப்பர்ப் பல்லின் ஆழத்தை மட்டும் பார்க்கிறார்கள். 5 மில்லிமீற்றர் பல் சேற்றில் நன்றாகக் கடிக்கும். ஆனால் ஈரக் கல்லிலும் பாசி பிடித்த கொங்கிறீட்டிலும் பல்லுக்குக் கடிக்க எதுவும் இல்லை; அங்கே பிடிமானம் தருவது இறப்பரின் மென்மையும், தரையில் படும் பரப்பும். கடினமான இறப்பரில் ஆழமான பல் இருந்தால் ஈரப் படியில் அது மிக ஆபத்தான சேர்க்கை. நகத்தால் அழுத்திப் பார்த்தால் மென்மையான இறப்பர் கொஞ்சம் உள்வாங்கும், கடினமானது அசையாது. மென்மையானது தாரில் சீக்கிரம் தேயும் என்பது உண்மைதான், அந்த இழப்பை ஏற்றுக்கொள்வதே நல்லது. தாரும் தோட்டப் பாதையும் கலந்து ஓடுபவருக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர் பல் சரியாக வரும். மழை நாட்களில் ரெயில் ரோட்டு மரக்கட்டைகளில் எந்த இறப்பரும் நிற்காது, அதில் ஓடவே வேண்டாம்.

குதிக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஆல்ட்ரா நிறுவனத்தின் பெரும்பாலான சப்பாத்துகளில் பூச்சியம், நைக்கியின் பெகாசஸில் 10 மில்லிமீற்றர். வித்தியாசம் குறையக் குறைய, ஏற்றத்தில் கெண்டைக்காலும் குதிநரம்பும் கூடுதலாக இழுபடும். 10 இலிருந்து ஒரேயடியாகப் பூச்சியத்துக்கு இறங்க இந்த மலைகள் நல்ல இடமல்ல. ஒரு மாதமாவது பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். கார்பன் தகடு வைத்த உயரமான பந்தயச் சப்பாத்து சல்லி இறக்கத்தில் கணுக்காலைப் புரட்டிவிடும். ஈரப் பாதத்தடத்தில் பாத வளைவைப் பார்த்து அதற்கேற்ற சப்பாத்து வகை சொல்லும் வழக்கத்துக்கும் பெரிய மதிப்பில்லை. அமெரிக்க இராணுவப் பயிற்சிகளில் அப்படித் தெரிந்து கொடுத்த சப்பாத்துகள் காயங்களைக் குறைக்கவில்லை. போட்டவுடன் சுகமாக இருக்கிறதா என்பதே நல்ல அளவுகோல்.

நீண்ட பாவனையில் இங்கே சப்பாத்தைக் கொல்வது ஈரம். மேற்குச் சரிவில் மே முதல் செப்ரெம்பர் வரை, ஊவாப் பக்கம் ஆண்டு முடிவில் வரும் வடகீழ்ப் பருவமழையில், ஒரு சோடி ஒரு நாளில் காயாது. நீர்புகாப் படலம் உள்ளதை வாங்கினால் தீரும் என்று தோன்றும். அடைமழையில் தண்ணீர் கணுக்கால் வழியாக உள்ளே இறங்கும். படலம் அதை வெளியே விடாது, காயவும் கூடுதல் நேரம் எடுக்கும். மெல்லிய வலைத்துணியே மேல்: நனையும், ஓட ஓடத் தண்ணீரைக் கக்கிவிடும். இரத்தம் உறிஞ்சும் அட்டைக்கு இரண்டும் ஒன்றுதான், அதற்கு நெருக்கமாக நெய்த நீளக் காலுறை வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் சேற்றைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவி, உள்மெத்தையை வெளியே எடுத்து, லேஸைத் தளர்த்தி, பழைய வீரகேசரிப் பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணியுங்கள். தாள் நனைந்ததும் மாற்ற வேண்டும், இரண்டு மணித்தியாலத்தில் முதல் தடவை. விறகடுப்புப் பக்கத்தில் வைப்பதுதான் நம் வீடுகளில் வழக்கம், அதை நிறுத்தியே ஆக வேண்டும். சூட்டில் பசை இளகி முன்பக்கம் வாய் பிளக்கும், அடிப்பாகத்து ஈவிஏ நுரை சுருங்கும், பிறகு அளவே மாறிவிடும். வசதியிருந்தால் இரண்டு சோடிகளை மாற்றிப் போடுங்கள்.

போடாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் கெடும். பொலியூரித்தேன் அடிப்பாகம் காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதைந்து பொடியாக உதிரும். மலிவு விலையில் பழைய இருப்பு வாங்குகிறவர்கள், நாக்கு லேபிளில் உற்பத்தி மாதமும் ஆண்டும் அச்சிட்டிருந்தால் பாருங்கள்; அடியை இரு கையாலும் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஒரு சோடியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றர் என்பார்கள். இறக்கம் அதிகமென்றால் கீழ்எல்லையையே எதிர்பார்க்கலாம். முதலில் குதியின் வெளியோரம் தேயும், ஆனால் இறப்பர் மிச்சமிருக்கும்போதே நுரை செத்துப்போவதும் உண்டு. சப்பாத்தை மேசையில் வைத்துப் பின்னாலிருந்து கண்மட்டத்தில் பாருங்கள்: ஒரு பக்கம் சாய்ந்திருந்தாலோ, நுரையின் பக்கச் சுருக்கங்கள் அழுத்தாமலே ஆழமாகத் தெரிந்தாலோ ஓட்டத்துக்கு முடிந்துவிட்டது. தை மாதக் குளிரில் புது நுரைகூடக் கல்லாக இருக்கும். அதனால் ஒன்றிரண்டு கிலோமீற்றர் ஓடிச் சூடேறிய பிறகு தீர்மானியுங்கள்.

அப்படி முடிந்த சோடியை வீட்டுப் பிள்ளைக்கு விளையாட்டுப் போட்டிக்கென்று கொடுக்காதீர்கள். இன்னொருவர் காலின் சாய்வில் அழுந்திப்போன நுரை, வளரும் பிள்ளையின் பாதத்தையும் அதே சாய்வில் இறக்கும். பாடசாலை மைதானத்துப் புல்லில் வெறுங்கால் அதைவிட நல்லது. புதிதாக வாங்க முடிந்தால் ஒரு பெருவிரல் அகலத்துக்கு மேல் பெரிதாக வாங்காமல், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை விரலால் முன்பக்கத்தைத் தடவி இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.