கொசுப் பொறிகள்: எந்தக் கொசுவுக்கு எது?

கொசுவைப் பிடித்து ஆராயப் பொறி தேடினால், புற ஊதா விளக்கு வைத்துப் பூச்சியைப் பொசுக்கும் கருவியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். படபடவென்று சத்தம் வரும், கொசு சாகிறது என்று தோன்றும். 1996இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அப்படிச் செத்த 13,789 பூச்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். கடிக்கும் பூச்சிகள் வெறும் 31. மற்றவை யார் வம்புக்கும் போகாதவை.

சி.டி.சி. (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) விளக்குப் பொறியில் 6 வோல்ட் பேட்டரி, சின்ன பல்பு, கீழ்நோக்கி இழுக்கும் விசிறி, வலைப்பை, அவ்வளவுதான். இரவில் திரியும் அனோபிலஸ், கியூலெக்ஸ் வகைக் கொசுக்களுக்கு நல்லது. தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கட்டி, பக்கத்தில் துளையிட்ட தெர்மோகோல் பெட்டியில் ஒரு கிலோ உலர்பனி (திடமான கரியமில வாயு) வைத்தால் பிடிப்பு நன்றாகக் கூடும். ஆனால் பகலில் கடிக்கும் ஏடிஸ் வகைக் கொசு விளக்குக்கு மசியாது. காலையில் பையின் வாயைக் கட்டிய பிறகே விசிறியை நிறுத்த வேண்டும். பேட்டரி விடியுமுன் தீர்ந்தால், மாட்டியது பாதி வெளியேறிவிடும். தொங்கும் கயிற்றில் கிரீஸ் தடவாவிட்டால் மிச்சத்தை எறும்பு முடித்துவிடும். விசிறி இறக்கையில் அடிபட்டு செதில் உதிர்வதால் இனம் பிரிப்பதும் சிரமம்.

அந்தக் குறை பி.ஜி. சென்டினல் என்ற பொறியில் இல்லை, பை விசிறிக்கு மேலே இருக்கிறது. மனிதத் தோல் வாசனையைப் போல லாக்டிக் அமிலம் கலந்த கவர்ச்சிப் பொருள் உள்ளே உண்டு. ஏடிஸுக்கு இதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் 12 வோல்ட் மின்சாரம் இடைவிடாமல் வேண்டும். தரையில், நிழலில், காற்று அடிக்காத மூலையில் வைக்க வேண்டும். வெயிலில் வைத்துவிட்டுப் பொறியைக் குறை சொல்பவர்கள்தான் அதிகம்.

ரத்தம் குடித்து முட்டையிட வரும் கியூலெக்ஸைப் பிடித்து வைரஸ் சோதிக்க, வைக்கோலை ஒரு வாரம் ஊறப்போட்ட நாற்றத் தண்ணீர்ப் பொறியே மேல்.

கையில் பணமில்லை, ஏடிஸ் இருக்கிறதா என்று மட்டும் தெரிய வேண்டும் என்றால், முட்டைப் பொறி போதும். கறுப்பு டப்பா, பாதித் தண்ணீர், உள்சுவரை ஒட்டிச் சொரசொரப்பான துணிப்பட்டை. மழையில் நிரம்பாமலிருக்கப் பாதி உயரத்துக்குச் சற்று மேலே ஒரு துளை. எத்தனை கொசு என்று இது சொல்லாது; சுற்றிலும் தண்ணீர்ப் பாத்திரங்கள் நிறைய இருந்தால் முட்டை அங்கெல்லாம் பிரிந்துபோகும். முட்டையை வெறும் கண்ணால் பார்த்து ஏடிஸில் எந்த இனம், எஜிப்டியா, அல்போபிக்டஸா என்று சொல்லவும் முடியாது, பொரிக்கவைத்துப் புழுவைப் பார்க்க வேண்டும். ஏழு நாளைத் தாண்டவிட்டால் பொறியே கொசுப் பண்ணை. பட்டையை எறியுமுன் கொதிநீர் ஊற்றுங்கள், டப்பாவின் உள்சுவரையும் தேய்த்துக் கழுவுங்கள்: காய்ந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.