சுகவனிதையர் கிளினிக்: டெஸ்டுக்கு மூன்று நிமிடம், போய்வர ஒரு பேர்

எங்கள் தோட்ட டிவிஷனுக்கு வரும் மிட்வைஃப் மிஸ், பெண்களுக்கான சுகவனிதையர் கிளினிக்குக்குப் போய் வாருங்கள் என்று இரண்டு மாதமாக விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு 35, மதினிக்கு 45. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பெப் டெஸ்டுக்கு 35, 45 வயதுக்காரர்களைத்தான் முக்கியமாகத் தேடிக் கூப்பிடுகிறார்கள். ஒரே வீட்டில் இருவரும் அகப்பட்டோம். எந்த ஊர்க் கிளினிக் என்று எழுதப் போவதில்லை. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம், அவ்வளவுதான். அந்த மிஸ்மார் முகத்தில் நாளைக்கும் விழிக்க வேண்டும்.

டெஸ்டுக்குக் காசு இல்லை. ஆனால் காலை பஸ்ஸைப் பிடித்து, பனியில் வரிசையில் நின்று, வீடு வரப் பகல் இரண்டரை மணியாகிவிட்டது. நான் வீட்டில் தைப்பவள், சமாளித்துக்கொள்வேன். கொழுந்தெடுக்கும் மதினிக்கு அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

உள்ளே போனதும் முதலில் நிறை, பிரஷர், சீனி பார்த்தார்கள். மார்பில் கட்டி இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, வீட்டில் நாமே எப்படிப் பார்ப்பது என்றும் காட்டித் தந்தார்கள். இவ்வளவும் அங்கே உண்டு என்று எனக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் திரைக்குப் பின்னால். கட்டிலில் படுத்து முழங்காலை மடக்கச் சொன்னார்கள். வாத்தின் அலகைப் போல விரியும் கருவி ஒன்றை உள்ளே வைத்து, சின்ன மரக்குச்சியால் கருப்பைக் கழுத்தை மெதுவாகச் சுரண்டி எடுத்தார்கள். வலி என்று சொல்ல மாட்டேன். குளிர்ச்சியும் ஒரு இறுக்கமும், அவ்வளவே. எடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் தடவி, ஓரத்தில் பென்சிலால் பெயர் எழுதினார் மிஸ். ஏன் பென்சில் என்று கேட்டேன். தகட்டை ஸ்பிரிட்டில் போடுவார்களாம், பேனை மை கரைந்துவிடுமாம். என் பெயரை எழுதிக் காட்டிச் சரியா என்றும் கேட்டார். அதற்கே தனியாக ஒரு மார்க் போடலாம்.

நோய் இருப்பவர்களுக்குத்தான் இந்த டெஸ்ட் என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பிழை. எச்.பி.வி. என்ற வைரஸ் தாம்பத்திய உறவில் தொற்றுகிறது. பெரும்பாலும் உடம்பே அதை விரட்டிவிடும். சிலருக்குத்தான் அது தங்கி, பல வருடங்களில் செல்களை மாற்றிப் புற்றுநோயாக்குகிறது. அந்த மாற்றத்தைப் புற்றுநோயாகும் முன்பே பிடிப்பதற்குத்தான் இந்தக் குச்சியும் தகடும். 2017 முதல் பாடசாலையில் ஆறாம் ஆண்டுப் பெண் பிள்ளைகளுக்கு இந்த வைரஸுக்கான தடுப்பூசி போடுகிறார்கள், என் மகளும் போட்டாள். அவளும் என் வயது வந்த பிறகு இந்தக் கட்டிலில் ஏறத்தான் வேண்டும். ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை.

குறை சொல்லாமல் விட முடியாது. மாதவிடாய் நேரத்தில் வரக் கூடாது, இரண்டு நாளுக்கு முன்பிருந்தே உறவு கூடாது, உள்ளே மருந்து வைக்கவோ கழுவவோ கூடாது. எங்கள் மிஸ் இதையெல்லாம் முன்பே சொல்லியிருந்தார். வேறு தோட்டத்திலிருந்து வந்த அக்கா ஒருவருக்கு யாரும் சொல்லவில்லை. மாதவிடாயோடு வந்த அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவருக்கும் ஒரு பேர் நட்டம். சுவரில் தமிழில் ஒரு தாள் ஒட்டியிருந்தாலும் அவர் அடுத்த முறைக்காவது படித்துக்கொண்டு போயிருப்பார்.

ரிப்போர்ட்டும் தாமதம், இரண்டு மாதம் தாண்டிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. மதினியுடையதில் திரும்ப எடுக்க வேண்டும் என்று இருந்தது. தகட்டில் பார்க்கப் போதுமான செல்கள் இல்லை, வேறொன்றுமில்லை. அதை விளக்க ஆளில்லாமல் கையில் ரிப்போர்ட் துண்டைக் கொடுத்து அனுப்பியதால், மூன்று நாள் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து சொன்ன பிறகுதான் ரொட்டி இறங்கியது. இறங்கியதும் அடுத்த கவலை.

“இன்னொரு பேரா?” என்றார்.

ஆக, பரிசோதனைக்கும் மிஸ்மாருக்கும் ஐந்துக்கு ஐந்து, தகவல் சொல்லும் விதத்துக்கு இரண்டு. போகிறவர்கள் சீலை உடுத்திப் போகாதீர்கள், சீலையோடு அந்தக் கட்டிலில் ஏறி இறங்குவது பெரிய பாடு. அடுத்த கிளினிக் புதன்கிழமை. வருவதாக மதினி இன்னும் வாயால் சொல்லவில்லை. நேற்று மட்டும், அகலமாக ஒரு பாவாடை தைத்துத் தரச் சொல்லித் துணி கொடுத்துவிட்டுப் போனார்.